பஞ்சாயத்து ஆபீஸ் வாசலோடு நிற்கும் இணையம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போன் சிக்னல்தான் எல்லா ஊருக்கும் வந்துவிட்டதே, அப்புறம் எதற்குக் கிராமம் கிராமமாக ஃபைபர், அதாவது இணையம் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள், இழுக்க ஆயிரக்கணக்கான கோடி என்று கேட்டு ஒரு வாசகர் உங்களுக்கு எழுதியிருந்தார். அவர் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் போக வேண்டிய இடம் வேறு. தொலைபேசி லைன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்தப் பணம் யாருடையது? தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம், 2002 முதல் யுஎஸ்ஓ நிதி என்ற ஒன்றுக்குப் போகிறது. லாபம் இல்லை என்று கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் தொலைபேசி வசதி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே ஏற்படுத்திய நிதி அது. இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயரை மாற்றியிருக்கிறார்கள். கம்பெனி கட்டுவதாகக் கணக்கில் எழுதினாலும், அது நாம் போடும் ரீசார்ஜில் இருந்து போகிற காசுதான். சென்னையில் வீட்டுக்குள் ஃபைபர் வைத்திருப்பவரும், ஜவ்வாது மலையில் பாறை மேல் ஏறி நின்று சிக்னல் பிடிக்கிறவரும் இந்த நிதிக்கு ஒரே விகிதத்தில்தான் கொடுத்துவந்திருக்கிறார்கள். ஆகவே கிராமத்துக்கு ஃபைபர் என்பது சலுகை இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக முன்பணம் கட்டியவர்களுக்குத் தர வேண்டிய பொருள்.

செல்போன் போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். டவரும் ஃபைபரை நம்பித்தான் ஒழுங்காக ஓடுகிறது. ஃபைபர் எட்டாத இடத்தில் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மைக்ரோவேவ் என்ற ரேடியோ அலை வழியாக அனுப்புகிறார்கள். அதில் கிடைக்கிற கொஞ்சத்தைச் சுற்றுப்பட்டு ஊர் முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கிராமத்தில் போனை எடுத்துப் பார்த்தவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நொடிக்கு 2 எம்பி வேகம் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று 2023-இல் மத்திய அரசே வரையறையை மாற்றியது. அதற்கு முன் வெறும் 512 கேபி. ரேஷன் கடையில் கைரேகை வைப்பது, நூறு நாள் வேலையில் ஆட்களைப் போட்டோ எடுத்து ஏற்றுவது, பட்டா சிட்டா, முதியோர் பென்ஷன், பள்ளிக்கூட ஸ்மார்ட் வகுப்பு என்று எல்லாவற்றையும் அரசே இணையத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறது. அப்படி வைத்த அரசு, அங்கே போய்ச் சேர வழியும் போட்டுத் தர வேண்டாமா?

தனியார் போடட்டுமே என்றும் சொல்கிறார்கள். அதையும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. 2021 ஜூனில் கேரளம், கர்நாடகம் உட்பட 16 மாநிலங்களில், ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தைத் தனியாரோடு சேர்ந்து நடத்த மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நஷ்டத்தை ஈடுகட்ட 19,041 கோடி ரூபாய் தருவதாகவும் சொன்னது. போதிய ஆட்கள் முன்வராமல் அந்தத் திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. பத்தொன்பதாயிரம் கோடியை நீட்டியும் வராதவர்கள், சும்மா கூப்பிட்டால் எங்கள் மலையடிவாரத்துக்கு வந்துவிடப் போகிறார்களா?

ஆக, அரசுப் பணம்தான் வேண்டும். என் சண்டை அந்தப் பணத்தை எதற்குக் கொடுக்கிறார்கள், எதை வைத்து வேலை முடிந்தது என்கிறார்கள் என்பதில்தான்.

2011 அக்டோபரில் தேசிய ஆப்டிகல் ஃபைபர் திட்டம் என்று ஆரம்பித்தார்கள். இரண்டரை லட்சம் ஊராட்சிகள், சுமார் 20,000 கோடி ரூபாய் மதிப்பீடு. 2015-இல் அது பாரத்நெட் ஆயிற்று. முதல் லட்சம் ஊராட்சிகளுக்கே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். இவ்வளவு காலமும் அவர்கள் எண்ணியது என்ன? கேபிள் எத்தனை கிலோமீட்டர், ஊராட்சி எத்தனை, அவ்வளவுதான். பஞ்சாயத்து ஆபீஸில் ஒரு பெட்டியை மாட்டி, விளக்கு பச்சையாக எரிவதைப் பார்த்துவிட்டால் அந்த ஊர் கணக்கில் சேர்ந்துவிடும். அடுத்த வாரம் விளக்கு அணைந்தாலும் கணக்கிலிருந்து ஊரை எடுக்க மாட்டார்கள். மேல்நிலைத் தொட்டியைக் கட்டித் திறப்பு விழாவும் நடத்திவிட்டு, தெருக்குழாய் போடாமல் போனது மாதிரிதான் இது.

முதல் கட்டத்தில் பெரும்பாலும் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிகளுக்கு ஒரே வழியாகக் கேபிளைக் கொண்டுபோனார்கள். நடுவில் எங்காவது ஜேசிபி பட்டால் அதற்கு அப்பால் உள்ள ஊர் எல்லாம் போச்சு. இப்போதைய திட்டத்தில் வளையமாக இழுக்கப் போகிறார்கள், ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சுற்றி வரும். நல்லது. ஆனால் அறுந்த இடத்தை யாராவது போய் ஒட்டினால்தானே வளையம் வளையமாக இருக்கும்? இரண்டாவது இடத்திலும் அறுந்தால் கதை பழையபடிதான். சாலை விரிவாக்கம், ஜல்ஜீவன் குழாய்ப் பள்ளம், கால்வாய் தூர்வாரல் என்று தோண்டுகிறவர்கள் ஏராளம். தோண்டும் முன் சொல்வதற்கென்றே 2023 மார்ச்சில் மத்திய அரசு ஒரு செயலியையும் வெளியிட்டது. ஜேசிபி ஓட்டுகிற தம்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கெட்டை இறக்குகிறாரா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இது புதிதும் இல்லை. தொண்ணூறுகளில் ஊருக்கு ஒரு பொதுத் தொலைபேசி என்று 'மார்' என்ற ரேடியோ முறையில் நாடு முழுக்க வைத்தார்கள். கணக்கில் பார்த்தால் லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களில் போன் இருந்தது. எடுத்துக் காதில் வைத்தால் சத்தம் வராது. பேட்டரி செத்திருக்கும், உதிரி பாகம் கிடைக்காது. கடைசியில் அந்தப் போன்களை எல்லாம் மாற்றுவதற்கே இதே யுஎஸ்ஓ நிதியிலிருந்து பணம் கொடுக்க வேண்டி வந்தது. ஒரு வேலைக்கு இரண்டு செலவு. அப்போது பேட்டரி, இப்போது பஞ்சாயத்து ஆபீஸ் பெட்டிக்குக் கரண்ட் நின்றால் தாங்க வேண்டிய யுபிஎஸ்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே இந்த பாரத்நெட் வேலையைச் செய்ய டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் 2018-இல் தொடங்கப்பட்டது. 12,525 ஊராட்சிகள், ஒவ்வொன்றுக்கும் 1 ஜிபி வேகம், 1,815 கோடி ரூபாய். 2020-இல் டெண்டர் நிபந்தனைகள் மீது புகார் கிளம்பி, மத்திய அரசு மறுடெண்டர் விடச் சொன்னதில் நாள் ஓடியது. கேபிளில் பெரும் பகுதி மின்கம்பம் வழியாகத்தான் போகிறது. தோண்டுகிற செலவு மிச்சம், வேலையும் சீக்கிரம் முடியும், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் கம்பத்தில் தொங்குகிற கேபிளுக்குப் புயலும் எதிரி, வைக்கோல் லாரியும் எதிரி. கம்பத்தை மாற்றும்போது மின்வாரியத்துக்காரர் வேறு வழியில்லாமல் கேபிளைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார். மறுபடி ஏற்றிக் கட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் ஒன்றியத்துக்கு எத்தனை பேர், அவர்களிடம் அறுந்த இழையை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷின் இருக்கிறதா, எத்தனை மணி நேரத்துக்குள் வருவார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டிய கணக்கு. கிலோமீட்டர் கணக்கு இல்லை.

பெட்டி இருக்கும் அறையின் சாவி விஷயமும் சின்னதில்லை. அந்த அறைக்குக் கரண்டும் காவலும் பார்த்துக்கொள்ள வேண்டியது ஊராட்சிதான். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு அதிகாரிக்கு எந்த ஊரில் யுபிஎஸ் நின்றுபோயிற்று என்பதா முதல் கவலையாக இருக்கும்? அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு இருக்கிற வேலைப் பளுவில் யாராக இருந்தாலும் அப்படித்தான்.

அப்புறம் கடைசி நூறு மீட்டர். பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து வீட்டுக்கு யார் இழுப்பது? இதற்குப் புதிதாக யாரையும் தேட வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் கேபிள் டிவிக்காரர் இருக்கிறார். எந்தச் சந்தில் எந்தக் கம்பம், யார் வீட்டு மாடியில் கட்டலாம், யார் மாசக் கடைசியில்தான் பணம் தருவார் என்பது வரை அவருக்கு அத்துப்படி. டிவி இணைப்புகள் குறைந்து அவரும் தவித்துக்கொண்டிருக்கிறார். புதிய பாரத்நெட் திட்டத்திலும் உள்ளூர்க்காரர் ஒருவரை வைத்து வீடுகளுக்குக் கொடுத்து, வருமானத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் ஏற்பாடு இருக்கிறது. பழுது பார்க்கும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். இத்தனை மணி நேரத்துக்குள் சரி செய்தால் இவ்வளவு, தாமதமானால் பிடித்தம் என்று ஒப்பந்தம் போட்டு, அந்தத் தொகையை டிஜிட்டல் பாரத் நிதியிலிருந்து மாதாமாதம் தாருங்கள். பல மாவட்டங்களைச் சேர்த்து ஒரே பெரிய கான்ட்ராக்டரிடம் கொடுத்தால், மலை மேல் இருக்கும் கிராமத்துக்கு அவர் ஆள் வந்து சேரப் பல நாள் ஆகும்.

பக்கத்துக் கேரளத்தைப் பார்க்கலாம். 2023 ஜூனில் கேஃபோன் என்ற மாநில அரசின் இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 30,000 அரசு அலுவலகம், 20 லட்சம் ஏழை வீடுகளுக்கு இலவச இணைப்பு என்பது இலக்கு. முதல் கட்டத்தில் கொடுக்க எடுத்துக்கொண்டது சட்டமன்றத் தொகுதிக்கு 100 வீடு, அதாவது 14,000. இருபது லட்சம் எங்கே, பதினாலாயிரம் எங்கே என்று சிரிக்கலாம்தான். ஆனாலும் வீட்டை எண்ண ஆரம்பித்தார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருந்தது. எண்ணினால்தானே எவ்வளவு குறைகிறது என்று எதிர்க்கட்சி கேட்க முடியும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஒவ்வொரு ஊராட்சியிலும் போன மூன்று மாதத்தில் இணைப்பு எத்தனை மணி நேரம் வேலை செய்தது, எத்தனை முறை அறுந்தது, சரி செய்ய எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை வீடு, பள்ளி, ரேஷன் கடை அதைப் பயன்படுத்துகின்றன என்ற விவரத்தை ஒரே பக்கத்தில் எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்ட வேண்டும். இந்த விவரங்களில் பெரும்பாலானவை கட்டுப்பாட்டு மையத்துக் கணினியிலேயே இருக்கும், புதிதாகச் சேகரிக்க ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஆறு கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. வரவு செலவு வாசிக்கும்போதே இதையும் வாசித்துவிடலாம். அடுத்த தவணைப் பணத்தை இந்தத் தாளைப் பார்த்துக் கொடுக்கட்டும். எங்கள் ஊராட்சியில் இதைத் தீர்மானமாக வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். மற்ற ஊர் வாசகர்களும் கொடுத்தால், மே மாதத்துக் கூட்டத்திலேயே நாலைந்து ஒன்றியங்களில் பேச்சு கிளம்பும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
திருவண்ணாமலை மாவட்டம்.