ஆண்டறிக்கை: அண்ணாவியாருக்குக் கலாபூஷணம், அடுத்து யாருக்கு?

தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாரி வெள்ளத்தில் பாதை மூடிய நாட்கள் தவிர மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கட்டடக் கூரை இன்னும் ஒழுகுகிறது. அதைப் பற்றிப் போதுமான அளவு பேசியாயிற்று. இந்த வருடம் நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, கூத்தைப் பழக்கி மத்தளம் கொட்டி நடத்தும் எங்கள் அண்ணாவியாரைப் பற்றித்தான்.

கலாசார அலுவல்கள் திணைக்களம் வழங்கும் கலாபூஷணம் விருது இம்முறை அவருக்குக் கிடைத்தது. 60 வயதைத் தாண்டிய கலைஞர்களுக்கான அரச விருது அது. அவர் அந்த வயதைத் தாண்டி எவ்வளவோ காலம். ஏன் இத்தனை தாமதம் என்று வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள். விருது தானாக வீடு தேடி வருவதில்லை, விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பத்தோடு அழைப்பிதழ், பத்திரிகைச் செய்தி, புகைப்படம் என்று சான்றுகள் வேண்டும். எங்கள் ஊரில் கூத்துக்கு யார் அழைப்பிதழ் அடித்தது? களரி என்ற ஆடுமேடையைக் கட்டத் தொடங்கினாலே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை முழுக்கத் தெரிந்துவிடும். படம் எடுத்தவர்களும் கரப்புடுப்பு என்ற கூத்துடையோடு ஆடுகிற ராசாவைத்தான் எடுத்தார்கள். மத்தளக்காரர் ஓரத்தில் அரை முகமாக நிற்கிறார். அந்தப் படங்களிலும் பாதி இடப்பெயர்வோடு போயிற்று.

கடைசியில் கைகொடுத்தது அம்மன் கோயில் கணக்குக் கொப்பி. ‘கூத்து அரங்கேற்றம், அண்ணாவியாருக்கு வேட்டி, சால்வை, வெற்றிலை’ என்று கோயில் பொறுப்பாளராக இருந்த பழைய வண்ணக்கர் ஒருவர் வருடா வருடம் எழுதி வைத்திருந்தார். பக்கங்களின் ஓரத்தைக் கறையான் தின்றிருந்தாலும் எழுத்துத் தெளிவு. அவற்றைப் பிரதி எடுத்து, அவரிடம் ஆடிப் பழகிய மூத்தவர்களிடம் கடிதமும் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தோம்.

ஓர் அலுவலகத்தில் அவரைப் ‘பக்கவாத்தியக்காரர்’ என்று பதிந்தார்கள். அதை மாற்றுவிக்கத்தான் அதிக நேரம் போயிற்று. ஆடுகிறவர்களுக்குச் சட்டம், அதாவது அவரவர் பாட்டுப் பகுதி, கொடுப்பதிலிருந்து சதங்கை அணிவித்து, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, அரங்கேற்றுவது வரை கூத்தின் பொறுப்பு முழுவதும் அண்ணாவியார் கையில். ஒவ்வொருவரும் களரிக்கு வரும்போது வரவுத்தாளம் கொட்டுவதும் பாட்டு எடுத்துக் கொடுப்பதும் அவர். ஆடுகிறவன் தாளம் தப்பினால், பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் மத்தளத்தாலேயே அவனை இழுத்து நிறுத்துவார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவைதான் மற்ற எல்லாம்!

இது இன்றைக்கு நேற்றுக் குறை இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியது பலருக்கும் தெரியும். அதற்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் என்பதை எங்கள் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கூத்தை ஆய்ந்த பேராசிரியர் சி. மௌனகுரு போன்றவர்கள் எழுதி வைத்ததால்தான் அப்படிப்பட்ட அண்ணாவிமாரின் பெயர்களாவது மிஞ்சின.

ஊரில் நடத்திய பாராட்டு விழாவில் பேச்சுக்கள் நீண்டுவிட்டன, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பொன்னாடை போர்த்தியதும் அண்ணாவியார் ஒலிவாங்கியை வாங்கினார். “சல்லரி போட்டவனுக்கு ஒண்டும் இல்லையா மனே?” என்று கேட்டார். பதில் வருமுன் சால்வையைக் கழற்றி, முன்வரிசையில் இருந்த, தன்னோடு கைத்தாளம் தட்டிய பழைய சல்லரிக்காரருக்குப் போட்டுவிட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத இந்த அலுவலால் அறிவிப்பாளர் திக்குமுக்காடிப் போனார். விருதோடு வந்த பணத்தில் மத்தளத்துக்குப் புதுத் தோல் போட்டதாகக் கேள்வி.

இப்போது பாடசாலைகளுக்கிடையிலான தமிழ்த்தினப் போட்டிக்குக் கூத்துப் பழகப் பாடசாலைப் பிள்ளைகள் அவர் வளவுக்கு வருகிறார்கள். விடிய விடிய ஆடுவதைச் சில நிமிடங்களுக்குள் சுருக்கச் சொல்வதில் அவருக்குக் கோபம்தான். ஆனாலும் வந்த பிள்ளையை அவர் திருப்பி அனுப்புவதில்லை. பெண் பிள்ளைகள் இருவர் மத்தளமும் பழகுகிறார்கள். சங்கத்தின் பெரிய வரவு என்று நான் கணக்கு வைப்பது இதைத்தான்.

அப்புறம், அடுத்த வருடத்துக்கான வேலை. எங்கள் பறைமேளக் கலைஞர்களும் வயது போனவர்கள். கோயில் சடங்குக்கு அவர்கள் வேண்டும், மேடைக்கு மட்டும் வேண்டாம் என்றால் அது நியாயமா? மத்தளத்துக்குச் செய்ததைப் பறைக்கும் செய்ய வேண்டும் என்ற பிரேரணையை நிர்வாகசபை சார்பில் முன்வைக்கிறேன். சிலருக்கு இதில் மனத்தாங்கல் இருப்பது தெரியும். இந்தச் சபையிலேயே பேசித் தீர்ப்போம், தேநீர்க்கடையில் வேண்டாம்.

இவ்வாண்டு மறைந்த அங்கத்தவர்களுக்கு எமது அஞ்சலி. கணக்குக் கொப்பியைத் தந்துதவிய கோயில் நிர்வாகத்துக்கு நன்றி. வீட்டில் சடங்கு, கூத்துப் படங்கள் வைத்திருப்பவர்கள், முகம் அரைவாசி தெரிந்தாலும் பரவாயில்லை, என்னிடம் தாருங்கள். பிரதி எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

செயலாளர்