டிவிடி முன்னோட்டங்களை நீக்குவது திருட்டு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விலை கொடுத்து வாங்கிய திரைப்பட டிவிடியைக் கணினியில் படியெடுக்கும்போது, அதன் தொடக்கத்தில் வரும் முன்னோட்டங்களையும் எச்சரிக்கை வாசகங்களையும் நீக்கிவிடுவது திருட்டு விசிடி தயாரிப்பதற்கு ஒப்பான குற்றம் என்று வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். அவருடைய அக்கறை புரிகிறது. திருட்டு வீடியோ குற்றத்தைத் தமிழக அரசு 2004-இல் குண்டர் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்தது. பர்மா பஜார் சோதனைச் செய்திகளை நாளிதழ்களில் தொடர்ந்து படித்துவந்த சென்னைவாசிகளுக்கு டிவிடியைப் படியெடுப்பது என்றாலே ஒரு தயக்கம் எழுவது இயல்பு. ஆயினும், விற்பனைக்காக நூற்றுக்கணக்கில் படியெடுப்பவரையும், தம் வீட்டு அலமாரியில் உள்ள தகட்டைத் தம் ஹார்டு டிஸ்கில் சேமித்துக்கொள்பவரையும் சட்டமே ஒன்றாகப் பார்க்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

டிவிடி தகட்டில் படம் மட்டும் இருப்பதில்லை. அதை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்ற கட்டளைகளும் ஐஎஃப்ஓ எனப்படும் சிறு கோப்புகளில் எழுதப்பட்டிருக்கின்றன. தகட்டைச் செருகியதும் முதலில் எது ஓட வேண்டும், அது ஓடும்போது ரிமோட்டின் எந்தெந்தப் பொத்தான்கள் வேலை செய்யக் கூடாது என்பதையெல்லாம் தகட்டை வெளியிடுபவரே தீர்மானித்துவிடலாம்; வீட்டிலுள்ள பிளேயர் அதற்கு அப்படியே கீழ்ப்படியும். அடுத்த பகுதிக்குத் தாவ நினைத்துப் பொத்தானை அழுத்தினால் திரையின் மூலையில் தடைக்குறி ஒன்று தோன்றி மறைவது இதனால்தான். பதிப்புரிமை எச்சரிக்கை போன்றவற்றைத் தாண்டிச் செல்லவிடாமல் காக்கும் இந்த வசதியை, வெளியிடுவோர் பலர் தம் அடுத்தடுத்த படங்களின் விளம்பரங்களுக்கும் சேர்த்தே பயன்படுத்திக்கொண்டார்கள். என்றோ திரையரங்கை விட்டுப் போய்விட்ட படத்தை 'விரைவில்' என்று அறிவிக்கும் முன்னோட்டத்தை இன்றும் முழுமையாகப் பார்த்து முடித்த பிறகே நாம் வாங்கிய படத்துக்குள் நுழைய முடிகிறது. பர்மா பஜாரில் திருட்டுத் தகட்டை வாங்கியவருக்கு இந்தத் தொல்லை ஏதும் இருந்ததில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியவரை மட்டும் நிறுத்திவைத்து, டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு என்ன அபராதம் என்று பாடம் நடத்துவதைப் போன்றது இது.

சட்டம் எதைக் கேட்கிறது என்பதைப் பார்ப்போம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52ஏ-வின்படி, வெளியிடப்படும் வீடியோ படத்திலும் அதன் உறையிலும் தணிக்கைச் சான்றிதழின் நகல் (சான்றிதழ் தேவைப்படும் படமாக இருந்தால்), தயாரித்தவரின் பெயரும் முகவரியும், உரிய அனுமதி பெறப்பட்டது என்ற உறுதிமொழி, பதிப்புரிமை உடையவரின் பெயரும் முகவரியும் காட்டப்பட வேண்டும். இந்தக் கடமை வெளியிடுபவருக்கு உரியது. மீறினால் பிரிவு 68ஏ-வின்கீழ் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. பார்வையாளர் அதைத் தாண்டிச் செல்லக் கூடாது என்றோ, ரிமோட்டைப் பூட்டிவைக்க வேண்டும் என்றோ, முன்னோட்டங்களைக் கட்டாயமாகக் காட்ட வேண்டும் என்றோ அப்பிரிவில் ஒரு சொல்லும் கிடையாது. சில ஹாலிவுட் தகடுகளில் வரும் அமெரிக்கப் புலனாய்வுத் துறையின் எச்சரிக்கைக்கும் தியாகராய நகரில் தம் வீட்டுக் கூடத்தில் படம் பார்ப்பவருக்கும் என்ன தொடர்பு என்பதை யாராவது விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

படியெடுப்பதைப் பொறுத்தவரை 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் முக்கியமானது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு விலக்கு அளிக்கும் பிரிவு 52(1)(ஏ), முன்பு நூல், நாடகம், இசை, கலைப் படைப்புகளுக்கு மட்டுமே பொருந்தியது. அத்திருத்தம் அதைக் கணினி நிரல் நீங்கலாக எல்லாப் படைப்புகளுக்கும், எனவே திரைப்படங்களுக்கும் விரிவாக்கியது. அதே திருத்தம் 65ஏ என்ற புதிய பிரிவையும் சேர்த்தது. தகட்டின் மறையாக்கப் பூட்டை, அதாவது படியெடுக்க விடாமல் தடுக்கும் தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தாண்டுவதற்கு அப்பிரிவு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது என்பது உண்மை. முன்பு எழுதிய வாசகர் அந்த வரியை மட்டும் எடுத்துக்காட்டி நிறுத்திக்கொண்டார். உரிமையை மீறும் நோக்கத்துடன் செய்தால்தான் அது குற்றம் என்பதும், இச்சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்வதை அப்பிரிவு தடுக்காது என்பதும் அதே பிரிவிலேயே உள்ளன. ஒரு படத்தை முழுமையாகப் படியெடுப்பது நியாயமான கையாளலுக்குள் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால், தம் தகட்டிலிருந்து தமக்கென எடுத்த பிரதியில் விளம்பரத்தை விட்டுவிட்டதால் மட்டும் ஒருவர் திருடராகிவிடுவார் என்று இச்சட்டத்தைப் படித்து எவரும் சொல்ல முடியாது. படியெடுப்பதில் இன்னமும் தயக்கம் உள்ளவர்கள் படியெடுக்கவே வேண்டாம். விஎல்சி என்ற இலவச மென்பொருளில் தகட்டை ஓட்டி, பட்டியலிலிருந்து நேரடியாகப் படத்தின் பகுதியைத் தேர்ந்தெடுத்தால் போதும், அது பொத்தான் தடைகளைப் பொருட்படுத்துவதில்லை.

படியெடுக்க விரும்புவோருக்கு மேக்எம்கேவி போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவை தகட்டிலுள்ள பகுதிகளை நீளத்துடன் பட்டியலிட்டுக் காட்டும். பெரும்பாலான தகடுகளில் எச்சரிக்கையும் முன்னோட்டங்களும் தனித்தனிப் பகுதிகளாகவே இருப்பதால், இரண்டரை மணி நேரம் ஓடும் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் மற்றவை தாமாகவே விடுபட்டுவிடும். 'ஒரே தகட்டில் மூன்று படங்கள்' வகையில் மட்டும் நீளத்தைப் பார்த்துக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். படம் மறுபடி சுருக்கப்படாமல் அப்படியே எடுக்கப்படுவதால் தரம் சிறிதும் குறையாது. ஆனால் கோப்பின் அளவும் குறையாது, இரட்டை அடுக்குத் தகடு எனில் 8 ஜிபி வரை இடம் பிடிக்கும். இடம் போதாதவர்கள் பின்னர் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளைக் கொண்டு சுருக்கிக்கொள்ளலாம். விளம்பரம் படத்தோடு ஒரே பகுதியாக ஒட்டப்பட்டிருந்தால், எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் அத்தியாய எல்லையில் வெட்டிவிடலாம். மறுபடி சுருக்காமல் வெட்டும்போது முந்தைய சட்டகத்தைச் சாராமல் முழுப் படமாகவே சேமிக்கப்பட்ட சட்டகம் உள்ள இடத்தில்தான் வெட்டு விழும் என்பதால், விளம்பரத்தின் கடைசி நொடி சிறிது ஒட்டிக்கொண்டு வரலாம். அதைப் பொறுத்துக்கொள்வதே நல்லது.

எந்த மென்பொருளாலும் நீக்க முடியாத ஒன்றும் உண்டு. பல தமிழ்த் தகடுகளில் வெளியிட்ட நிறுவனத்தின் சின்னம் படம் முழுவதும் ஒரு மூலையில் நிற்கும். சிலவற்றில் தொலைபேசி எண்ணோடு கூடிய விளம்பர வரி, பாடல் காட்சியின் அடிப்பகுதியில் ஊர்ந்து செல்லும். இவை படச் சட்டகத்திலேயே பதிக்கப்பட்டவை. அந்த இடத்தை மங்கலாக்கலாமே தவிர, மறைந்துபோன காட்சியை மீட்க வழியில்லை. முன்னோட்டத்தைவிட இதையே பெரிய குற்றமாக நான் கருதுகிறேன்.

படியெடுப்பதற்கான தேவை கற்பனையானதன்று. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் அசல் டிவிடியை 34 ரூபாய்க்குக் கொண்டுவந்தபோது, திருட்டுத் தகட்டின் விலைக்கே அசல் கிடைக்கிறதே என்று வாங்கிச் சேர்த்த குடும்பங்கள் பல; அந்நிறுவனம் 2018-இல் கலைப்பு நடவடிக்கைக்குச் சென்றுவிட்டது. கீறல் விழுந்த தகட்டுக்கு மாற்று கேட்டு இனி எங்கே போவது? புதிய மடிக்கணினிகளில் டிவிடி செருகும் வசதியே இருப்பதில்லை.

தாமாகச் செய்யத் தெரியாதவர்கள், தகட்டைப் பென் டிரைவுக்கு மாற்றித் தரும் கடைகளை நாடுகிறார்கள். இங்கேதான் உண்மையான எச்சரிக்கை தேவை. மற்றொருவருக்காகப் பூட்டைத் தாண்ட உதவுபவர், அவருடைய பெயர், முகவரி, அடையாள விவரங்கள், நோக்கம் ஆகியவற்றை முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும் என்று பிரிவு 65ஏ நிபந்தனை விதிக்கிறது. அத்தகைய பதிவேட்டை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை. அதுமட்டுமன்றி, வாடிக்கையாளரின் படத்தைத் தம் கணினியிலும் ஒரு பிரதி வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு விற்கும் கடைக்காரர், வாசகர் அஞ்சும் அந்தத் திருட்டைத்தான் செய்கிறார். ஆகவே, படி எடுக்கும்வரை உடனிருப்பதும், கடைக்காரரின் கணினியிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்வதும், அசல் தகட்டையும் உறையையும் தூக்கி எறியாமல் வைத்திருப்பதும் அவசியம். அசல் கையில் இருக்கும்வரைதான் பிரதி நம்முடைய தனிப்பட்ட பயன்பாட்டுக்கானது என்று சொல்ல முடியும். தகட்டை விற்றுவிட்டால் பிரதியையும் அழித்துவிடுவதே முறை.

இன்றும் டிவிடியும் புளூ-ரேயும் வெளியிட்டுவரும் நிறுவனங்களிடம் ஒரு கோரிக்கை. பிரிவு 52ஏ கேட்கும் விவரங்களைத் தொடக்கத்தில் சில நொடிகள் காட்டுங்கள். எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. முன்னோட்டங்களை முகப்புப் பட்டியலில் தனியே வையுங்கள், விரும்புவோர் பார்க்கட்டும். பழைய படங்களின் மூலப் பிரதிகள் உங்களிடம் இருக்குமானால், மூலைச் சின்னமும் ஊர்ந்து செல்லும் வரிகளும் இல்லாத பதிப்புகளை வெளியிடுங்கள். அவற்றை இரண்டாம் முறையும் பணம் கொடுத்து வாங்க என்னைப் போன்றவர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை.