“அம்மாகிட்ட போனைக் குடுங்க சார்”

வங்கிகளின் தொலைபேசிச் சேவையில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வயது 54, லுங்கி வியாபாரம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்க்கப் போன கூட்டத்தில் ஏடிஎம் கார்டு தொலைந்துவிட்டது. பதறிப்போய்ச் சேவை எண்ணுக்குப் போன் போட்டேன். பெயர், பிறந்த தேதி, கடைசியாக எடுத்த பணம் எல்லாம் சரியாகச் சொன்ன பிறகும், “சார், கணக்கு அம்மா பேர்ல இருக்கு. அவங்ககிட்ட குடுங்க” என்றார் தம்பி. நான்தான் அந்த அம்மா என்றேன், நம்பவில்லை. கடைசியில் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் போனைக் கொடுத்தேன். கீச்சுக்குரலில் “நான்தாங்க பேசறேன்” என்றாள். உடனே கார்டை முடக்கிவிட்டீர்கள். சொந்தக்காரியை விட்டுவிட்டு ஆள்மாறாட்டத்தை நம்பினீர்களே, இதற்குப் பெயர் பாதுகாப்பா?

எனக்குக் கட்டைக்குரல். மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் இறங்கிவிட்டது. பல பெண்களுக்கு அப்படித்தான். தொண்டை மருத்துவர் அளந்து பார்த்து 150 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 150 அதிர்வு என்றார். பேசும்போது ஆண்களுக்குச் சராசரியாக 120 ஹெர்ட்ஸ், பெண்களுக்கு 200ஐ ஒட்டி வருமாம். நான் நடுவில். அங்கே சுருதி மட்டும் துப்புக் கொடுக்காது. தொண்டையும் வாயும் எவ்வளவு நீளம், பேச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்பதையெல்லாம் சேர்த்துத்தான் காது ஊகிக்கிறது. இதில் போன் வேறு. சாதாரண அழைப்பில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். ஆக, என் அடிச்சுருதி உங்களுக்கு வரவே இல்லை. மேலே வந்த அதிர்வுகளை வைத்து உங்கள் காது அதை நிரப்பிக்கொண்டது. அந்தக் கணக்கில்தான் நான் சார் ஆனேன். கடையில் ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. புடவையைப் பார்த்தால் காதும் அடங்கிவிடும் போல.

எனக்கு இது எப்போதோ ஒருமுறை. எங்களிடம் லுங்கி வாங்கி விற்கும் ஒரு திருநங்கைக்கு ஒவ்வொரு அழைப்பிலும் இதே கதை. ஹார்மோன் மருந்து எடுத்தாலும் பருவ வயதில் ஒருமுறை உடைந்த குரல் மேலே ஏறாது. அவர் வங்கிக்குப் போன் போடுவதையே விட்டுவிட்டார்.

கேட்பது சின்ன விஷயம். சந்தேகம் வந்தால் இன்னொரு கேள்வி கேளுங்கள், ஓடிபி அனுப்புங்கள். குரலை அடையாள அட்டையாக்க வேண்டாம். அந்த சாரும் மேடமும் எதற்கு? “சொல்லுங்க” என்றால் போதாதா? அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மரியாதை மட்டும் இருக்கிறது.

புதுக் கார்டு இந்த வாரம் தபாலில் வருமாம். அதை இயக்கிவைக்க மறுபடி உங்களுக்குத்தான் போன் போட வேண்டும். பக்கத்துக் கடைப் பெண் ஊரில் இல்லை.

இப்படிக்கு,
கணக்கு வைத்திருக்கும் அம்மா