ரால்ஃப் பேயர் பெயர் விடுபட்டுவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த வீடியோ கேம் வரலாற்றுக் கட்டுரை, வீட்டு டிவியில் ஆடும் விளையாட்டு, அடாரி என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'பாங்'கில் தொடங்கியதாகச் சொல்கிறது. அது சரியல்ல. அதற்கு முன்பே வீட்டு டிவியில் ஆடும் பெட்டியைச் செய்த ரால்ஃப் பேயர் என்பவரின் பெயர் அதில் ஓரிடத்தில்கூட இல்லாதது, காலமெல்லாம் டிவி ரிப்பேர் பார்த்தே பிழைக்கும் எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் எங்கள் தொழில்காரர்.

நாஜிகளிடமிருந்து தப்பி 1938-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போன யூதப் பையன் அவர். தபால் வழியில் ரேடியோ ரிப்பேர் படித்து, நியூயார்க்கில் ரேடியோ கடைகள் நடத்தினார். போருக்கு அப்புறம் சிகாகோவில் டிவி பொறியியலில் பட்டம் வாங்கினார். வீட்டுக்கு வீடு டிவி இருக்கிறதே, அதில் நிகழ்ச்சி பார்ப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று 1966-ல் யோசித்து, நான்கு பக்கம் எழுதிவைத்தார். பில் ஹாரிசன், பில் ரஷ் இருவரோடு சேர்ந்து அவர் செய்த பெட்டியைத்தான் மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972-ல் 'ஒடிசி' என்று விற்றது. அதன் செயல்விளக்கத்தை அந்த மே மாதமே அடாரியின் நிறுவனர் நோலன் புஷ்னெல் பார்த்தார். பாங் வந்தது நவம்பரில், அதுவும் கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டியாக. வீட்டு பாங் 1975-ல்தான் வந்தது. மேக்னவாக்ஸ் காப்புரிமை வழக்குப் போட, அடாரி சமரசமாகி உரிமம் வாங்கிக்கொண்டது.

ஒடிசியில் பிராசசரும் இல்லை, மெமரியும் இல்லை. டிரான்சிஸ்டரும் டையோடும்தான். திரையில் சில வெள்ளைக் கட்டங்களும் ஒரு கோடும் வரும். மைதானம் வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தாளை டிவி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும்! 1977-ல் வந்த அடாரி 2600 என்ற வீட்டு விளையாட்டுப் பெட்டியிலும் மெமரி வெறும் 128 பைட். முழுப் படத்தை எங்கே வைப்பது? பிக்சர் டியூபில் எலக்ட்ரான் கற்றை ஓடும்போதே, ஒவ்வொரு கோட்டிலும் என்ன தெரிய வேண்டும் என்பதை உடனுக்குடன் சிப்புக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு கோடு ஓடி முடிய 64 மைக்ரோ வினாடிக்கும் குறைவான நேரம்தான். அந்த நிரலை எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பிள்ளைகள் கேசட் போட்டு ஆடியவை, பெரும்பாலும் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-ல் விட்ட ஃபேமிகாம் விளையாட்டுப் பெட்டியைப் பார்த்துச் செய்த பெட்டிகள். அதன் கிராபிக்ஸ் சிப் ஒரு கோட்டில் எட்டு உருவத்துண்டுகளுக்கு மேல் காட்டாது. 'கான்ட்ரா' என்ற சுடும் விளையாட்டில் குண்டுகள் குவிந்தால் ஆட்கள் விட்டுவிட்டு மறைவார்கள். டிவி போச்சு என்று செட்டையே கடைக்குத் தூக்கி வந்தவர்கள் உண்டு.

அந்தப் பெட்டிகளோடு வந்த, திரையில் வாத்து சுடும் விளையாட்டுத் துப்பாக்கியை இப்போதும் கொண்டுவந்து, புது எல்.இ.டி. டிவியில் வேலை செய்யவில்லை என்கிறார்கள். துப்பாக்கியில் ஒரு கோளாறும் இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடித்துளி கறுக்கும், அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி முதலில் இருட்டையும் பிறகு வெளிச்சத்தையும் பார்த்தால்தான் வாத்து விழும். பல்பைக் காட்டி ஏமாற்ற முடியாதது அதனால்தான். பிக்சர் டியூப் அதை அந்தக் கணமே காட்டிவிடும். புது டிவி படத்தை வாங்கி, சரிசெய்து காட்டுவதற்குள் நேரம் தவறிவிடுகிறது. அந்தத் துப்பாக்கிக்கும் முன்னோடி பேயர் குழுவினர் செய்ததுதான். ஒடிசிக்கான துப்பாக்கியை மேக்னவாக்ஸுக்குத் தயாரித்துக் கொடுத்ததே நின்டென்டோ!

2006-ல் அமெரிக்க அதிபர் கையால் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் வாங்கிய பேயர், 2014-ல் காலமானார். ஒடிசிக்கு மூலமாக அவர் குழு செய்த 'பழுப்புப் பெட்டி' வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இணைப்பில் அவர் படத்தையும் அந்தப் பெட்டியின் படத்தையும் போட்டு நாலு வரி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
பாளையங்கோட்டை