கோர்ட்டினாவுக்குக் கோடையும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பயணக் கட்டுரையில் இத்தாலியின் கோர்ட்டினா தம்பெட்சோ பற்றிப் படித்தேன். பனிச்சறுக்கையும் கடைவீதியையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருக்கிறார். ஆனால், 'பனி உருகிவிட்டால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை' என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மகள் பதுவாவில் படித்தபோது ஒரு பிப்ரவரியிலும், பிறகு ஜூலையிலும் அங்கே போய்த் தங்கியவள் என்பதால் எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் அது பணக்காரர்களின் ஊர்தான். ஊருக்குள் அறை வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகாமல், பஸ் போகும் தூரத்தில் ஒரு கிராமத்தில் தங்கினோம். மாலையானால் கோர்சோ இத்தாலியா தெருவில் ஃபர் கோட் போட்டவர்கள் மெல்ல உலாவுவார்கள். எனக்கு மனதில் நிற்பது அதே நேரத்தில் தெருவுக்கு மேலே நடப்பது. 3,244 மீட்டர் உயர தொஃபானா மலையின் வெளிறிய பாறை இளஞ்சிவப்பாகி, ஊதாவாகி, அணைந்துபோகும். இந்த நிறமாற்றத்துக்கு, இந்த மலைப்பகுதியின் சொந்த மொழியான லாதின் பேசுகிறவர்கள் 'என்ரோசதீரா' என்று ஒரு தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்.

ஜூலையில் போனபோதுதான், பனி எதையெல்லாம் மூடி வைத்திருந்தது என்று தெரிந்தது. பிப்ரவரியில் பட்டுப்போன மரங்கள் என்று நான் நினைத்தவை லார்ச் மரங்கள். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்ப்பவை. இப்போது இளம்பச்சையாக நின்றன. சறுக்குத்தளங்களாகப் பார்த்த சரிவுகளில் மாடுகள் மேய்ந்தன, கழுத்துமணிச் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. இங்குள்ள காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் பெரும்பகுதி 'ரேகோலே' என்ற பழைய ஏற்பாட்டின்படி பரம்பரைக் குடும்பங்களின் பொதுச்சொத்து. விற்க முடியாது, பங்கு பிரிக்கவும் முடியாது. இத்தனை விலை ஏறிய ஊரில் மலைச்சரிவெல்லாம் பங்களாக்களாக மாறாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றே நம்புகிறேன்.

ஃபல்சாரெகோ கணவாயிலிருந்து கேபிள் காரில் லகாட்சுவோய் மலை உச்சிக்குப் போனோம். முதல் உலகப்போரில் மேலே ஆஸ்திரியர்கள், கீழே பாறை விளிம்பில் இத்தாலியர்கள். ஒருவர் காலடியை ஒருவர் குடைந்து வெடி வைத்தார்கள். 1917 வரை இந்தப் பாறைக்குள்ளேயே குளிர்காலங்களையும் கழித்தார்கள். அந்தச் சுரங்கத்துக்குள் ஹெல்மெட்டும் டார்ச்சுமாக இறங்கலாம். ஈரம் சொட்டும் படிகள், துப்பாக்கி நீட்டும் அளவுக்கு ஒரு துளை, அதற்கு வெளியே கண்கூசும் வெயில். என் மகள் வயதுப் பையன்கள் இங்கே படுத்துக்கிடந்திருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் மேற்கொண்டு நடக்க முடியாமல் சற்று நேரம் நின்றுவிட்டேன். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

இந்த ஊர் வழியாகப் போய், 1964-இல் மூடப்பட்ட ரயில்பாதை இப்போது சைக்கிள் பாதை. பழைய ஸ்டேஷன்களும் குகைப்பாதைகளும் வழியெல்லாம் இருக்கின்றன. வாடகைச் சைக்கிள் எடுத்து டோபியாக்கோ என்ற ஊர் வரை மிதித்தோம். அந்த இரண்டு பயணங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான்.

1956 குளிர்கால ஒலிம்பிக்ஸ் இந்த ஊரை உலகறியச் செய்தது உண்மை. 2026-இல் மிலானோடு சேர்ந்து மறுபடியும் அந்த வாய்ப்பு வந்தது. அதற்கான பாப்ஸ்லெட் (பனிக்கட்டித் தடத்தில் சறுக்குவண்டிப் பந்தயம்) தடத்துக்காக நூற்றுக்கணக்கான லார்ச் மரங்களை வெட்டினார்கள் என்று படித்தபோது மனம் மிகவும் வலித்தது. பனிக்காலத்தை மட்டுமே ஊரின் அடையாளமாக நாமும் எழுதிக்கொண்டிருந்தால், அந்த மரங்களுக்காகப் பேச யார் இருப்பார்கள்?

அடுத்த முறை ஒருவரை அனுப்பினால் ஜூலையிலும் அனுப்புங்கள். இந்தக் கடிதத்தைப் பார்த்துக் கிளம்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: முழங்கால் வலி உள்ளவர்கள் லகாட்சுவோய் சுரங்கத்தில் இறங்க வேண்டாம். படிகள் செங்குத்தானவை, வழுக்கும். கேபிள் காரிலேயே திரும்பி இறங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோயம்புத்தூர்