எத்தனை மீட்டர் உயரத்தில் பறந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விமானத்தில் காந்தமானியை (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) கட்டிக்கொண்டு பறந்து, மூழ்கிப்போன பழைய கப்பல்களைத் தேடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அதிகம் பேர் எழுதாத விஷயம், எழுதியதற்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் "அந்தப் பகுதி முழுவதையும் தேடிவிட்டார்கள், கப்பல் அங்கே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. எத்தனை மீட்டர் உயரத்தில் பறந்தார்கள், வரிசை வரிசையாக நேர்கோட்டில் பறந்ததில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டார்கள்? இது இரண்டையும் சொல்லாமல் "இல்லை" என்று எழுதவே கூடாது.

இப்படி விமானத்தில் எடுத்த காந்த அளவீடுகளைச் சரிபார்த்து வரைபடமாக்கும் வேலையைப் பல வருடம் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காந்தமானிக்குக் கப்பல் தெரியாது, இரும்புதான் தெரியும். பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும், கீழே இரும்பு கிடந்தால் அந்த இடத்தில் அது துளி ஏறி இறங்கும். அந்தத் துளியைத்தான் பிடிக்க வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் அது எட்டில் ஒரு பங்காகிவிடும், மூன்று மடங்கானால் இருபத்தேழில் ஒரு பங்கு. பீரங்கி, நங்கூரம் எல்லாம் சேர்த்து 20 டன் இரும்பு ஒரே குவியலாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோராயக் கணக்கில் 30 மீட்டர் தூரத்தில் அது 7 நானோடெஸ்லா காட்டும். 60 மீட்டரில் ஒன்றுக்கும் கீழே போய்விடும், 120 மீட்டரில் 0.1 தான் மிஞ்சும். இந்தத் தூரம் விமானத்துக்கும் கடல்மட்டத்துக்கும் இடையில் உள்ளது மட்டும் இல்லை, தண்ணீரின் ஆழத்தையும் மேலே மூடிய மணலையும் சேர்த்துத்தான் கணக்கு. 30 மீட்டர் உயரத்தில் பறந்தேன் என்று ஒருவர் சொன்னாலும், கீழே 30 மீட்டர் ஆழம் இருந்தால் அது 60 மீட்டர்தான்.

1944 பிப்ரவரியில் ஜிப்ரால்டர் நீரிணையில் யு-761 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியை அமெரிக்க கேட்டலினா விமானங்கள் காந்தமானியை வைத்துப் பிடித்தன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் அது எழுநூறு டன்னுக்கு மேல் எஃகு. பழைய மரக்கப்பலில் அதில் சிறு பங்கு இரும்புகூட இருக்காது, இருப்பதும் அலையடித்துச் சிதறிக் கிடக்கும், பாதி துருவாகவே போயிருக்கும். வெண்கலப் பீரங்கியும் தங்கம் வெள்ளியும் எத்தனை டன் இருந்தாலும் காந்தமானி அசையாது. 1686-ல் டெக்சாஸ் கரையோரம் மட்டகோர்டா விரிகுடாவில் மூழ்கிய லா பெல் கப்பலை 1995-ல் கண்டுபிடித்தபோது, படகில் இழுத்துச் சென்ற காந்தமானிதான் இடத்தைக் காட்டியது. அது காட்டியது அங்கே கிடந்த இரும்பை. எந்தக் கப்பல் என்று உறுதிப்பட உதவிய வெண்கலப் பீரங்கி, மனிதர்கள் தண்ணீருக்குள் இறங்கிய பிறகுதான் கைக்குக் கிடைத்தது.

அப்புறம் கோட்டு இடைவெளி. விமானத்திலிருந்து கடலடி வரை 40 மீட்டர், கோடுகளுக்கு நடுவே 100 மீட்டர் என்றால், இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் கிடக்கும் கப்பல் 64 மீட்டர் தள்ளி இருக்கிறது. நேர் கீழே இருந்தால் வரக்கூடிய அளவில் கால்வாசிகூட வராது. வரைபடத்தில் அந்த இடத்துக்கும் நிறம் பூசியிருக்கும், பார்க்கிறவருக்கு முழுவதும் அளந்த மாதிரியே தெரியும்.

என் மேசையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு முறை நாங்கள் பறந்த பகுதியில் ஒரு மிதவையைக் கட்டிவைத்த இரும்புச் சங்கிலியும் எடைக்கட்டையும் கிடந்தன, இடம் எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தில் அது இல்லை. மூல அளவீட்டை எடுத்துப் பார்த்தேன். விமானம் நொடிக்கு 60 மீட்டர் போகிறது, நொடிக்குப் பத்து அளவு, அதாவது 6 மீட்டருக்கு ஒரு புள்ளி. அந்த வரிசையில் ஏழே ஏழு புள்ளிகள், ஒரு மேடு, பக்கத்திலேயே ஒரு பள்ளம், அவ்வளவு அழகாக இருந்தது. முக்கால் நொடிகூட இல்லாத அந்தத் துடிப்பை மின்சார இரைச்சல் என்று நினைத்து, இரைச்சலை நீக்கும் கணினி வடிகட்டி வழித்து எடுத்திருக்கிறது. வடிகட்டியை அப்படி அமைத்தது நான்தான். சங்கிலி அங்கே இருப்பது தெரிந்ததால் பிடித்தோம். தெரியாத கப்பலாக இருந்திருந்தால் "இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருப்பேன், அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

விமானத் தேடல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1712-ல் உடைந்த டச்சுக் கப்பல் ஸைட்டோர்ப் மாதிரி செங்குத்துப் பாறைக்கு அடியில் அலை மோதுகிற இடத்தில் படகு எப்படிப் போய் வரும்? கடற்பாறைத் திட்டுகளிலும் அதே கதைதான், அங்கெல்லாம் விமானத்தையும் ட்ரோனையும் விட்டால் வேறு நல்ல வழி இல்லை. அதனால்தான் "இல்லை" என்ற சொல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒரு இடத்துக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டால் மறுபடி அங்கே பறக்க யாரும் பணம் தரமாட்டார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் அந்தக் குழுவிடம் மூன்றே மூன்று கேள்வி கேட்டு, பதிலையும் சேர்த்து அச்சிடுங்கள்: கடலடியிலிருந்து எவ்வளவு உயரம், கோடுகளுக்கு நடுவே எவ்வளவு, ஏற்கெனவே இடம் தெரிந்த ஒரு கப்பலின் மேல் முதலில் பறந்து பார்த்தீர்களா? மூன்றாவதற்கு "ஆம், தெரிந்தது" என்று அவர்கள் சொன்னால், அந்த அளவுள்ள கப்பல் அங்கே இல்லை என்பதை நானும் நம்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்