நாடு மாறும் ஜோடி வீரர்களை வைத்துப் பேரம் வேண்டாம்

சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் தலைவருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

நாடு மாறும் ஜோடி வீரர்கள் புது நாட்டுக்காக ஆட, பழைய நாட்டின் சங்கம் தடையில்லாச் சான்று தர வேண்டியிருக்கிறது. அந்த அதிகாரத்தைத் தேசியச் சங்கங்களின் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். நாடு மாறியவர் சர்வதேசப் போட்டியில் இறங்காமல் இருக்க வேண்டிய காத்திருப்புக் காலம் என்று ஒன்று இருக்கட்டும். அது முடிந்த அன்றே சான்று தானாகக் கிடைக்கட்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல். நான் பயிற்சியாளரும் இல்லை, அதிகாரியும் இல்லை. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜோடிப் பிரிவை வருடக்கணக்கில் விடாமல் பார்த்து வருகிற ஒரு ரசிகை.

தனிநபர் பிரிவில் ஆடுகிறவருக்கு ஒரு பனித்தளமும் ஒரு பயிற்சியாளரும் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அவர் உழைப்பு. ஜோடிப் பிரிவு அப்படி இல்லை. ஓடுகிற வேகத்திலேயே ஆண் ஒரு கையால் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார். மேலே வீசுகிறார், அந்தப் பெண் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றிக் கீழே வரும்போது இடுப்பைப் பிடித்து இறக்குகிறார். இதற்கு உயரம் பொருந்த வேண்டும், எடை பொருந்த வேண்டும், இருவரும் சுழலும் திசை பொருந்த வேண்டும். இவர் கையில் என் உயிர் பத்திரம் என்ற நம்பிக்கையும் வேண்டும். அப்படி ஒருவர் சொந்த ஊரில் கிடைப்பது அதிர்ஷ்டம்தான். ஜோடிப் பயிற்சி முறையாக நடக்கும் நாடுகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஜோடி உடைந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் அந்த வீரர் வெறுங்கையோடு நிற்கிறார். பல பேர் எல்லை தாண்டுவது இதனால்தான்.

அல்யோனா சாவ்சென்கோவின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. உக்ரைனின் ஒபுகிவ் ஊர்க்காரர். ஸ்டானிஸ்லாவ் மொரோசோவுடன் ஜோடி சேர்ந்து 2000ல் உலக ஜூனியர் பட்டம் வென்றவர். 2002ல் சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் உக்ரைனுக்காக ஆடியபோது அவருக்கு வயது 18. அப்புறம் அந்த ஜோடி முடிந்துபோனது. 2003ல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்குப் போய் ராபின் சோல்கோவியுடன் சேர்ந்தார். 2005 கடைசியில் ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது, அடுத்த இரண்டு மாதத்தில் டூரின் ஒலிம்பிக்கில் ஆறாவது இடம். அதற்குப் பின் இந்த ஜோடி ஐந்து முறை உலகப் பட்டம் வென்றது. வான்கூவர், சோச்சி ஒலிம்பிக்குகளிலும் வெண்கலம்.

அதே மொரோசோவ் அடுத்து டாட்டியானா வோலோசோஜருடன் ஆடினார். அவரும் உக்ரைனியர். 2010ல் மொரோசோவ் ஓய்வு பெற்றதும் வோலோசோஜர் ரஷ்யாவுக்குப் போய் மக்சிம் டிரான்கோவுடன் சேர்ந்தார். ஒரு வருடம் சர்வதேசப் போட்டி இல்லாமல் காத்திருந்தார். அது முடிந்ததும் 2011 மாஸ்கோ உலகப் போட்டியில் இறங்கி வெள்ளி வாங்கினார். தங்கம் யாருக்கு? சாவ்சென்கோவுக்கும் சோல்கோவிக்கும். 2014 சோச்சியில் வோலோசோஜருக்குத் தங்கம், சாவ்சென்கோவுக்கு வெண்கலம். ஒரே ஆளுடன் அடுத்தடுத்து ஆடிய இரண்டு உக்ரைன் பெண்கள், இரண்டு வேறு கொடிகளின் கீழ் ஒரே மேடையில் நின்றார்கள். உக்ரைன் சங்கத்துக்கு அது வலித்திருக்கும், அந்த வலி நியாயமானது. ஆனால் வோலோசோஜர் விஷயத்தில் ஒரு வருடம் என்றால் ஒரு வருடம், அதோடு முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடிந்திருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம்.

சோச்சிக்குப் பிறகு சோல்கோவி விலகினார். சாவ்சென்கோ 30 வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். புது ஜோடி புரூனோ மாசோ, பிரான்சின் கான் நகரத்துக்காரர். 2014ல் இருவரும் பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள். மாசோ ஜெர்மனிக்காக ஆடப் பிரெஞ்சுச் சங்கம் சான்று தரவில்லை. ஒரு சீசன் முழுக்கப் போனது. அடுத்த சீசனும் தொடங்கிவிட்டது. கடைசியில் 2015 அக்டோபரில்தான் சான்று வந்தது. 30,000 யூரோவில் விஷயம் முடிந்ததாக அப்போது செய்திகள் வெளியாகின. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அந்த ஒன்றரை வருடத்தின் கனத்தை யோசித்துப் பாருங்கள். முப்பதைத் தாண்டிய ஒரு வீராங்கனைக்கு ஒரு சீசன் என்பது சாதாரண விஷயமா? தினமும் வீசப்பட்டு, விழுந்து, எழுந்து பயிற்சி செய்கிறார். எந்தப் போட்டிக்காக என்று மட்டும் தெரியாது. உங்கள் விதிப்புத்தகத்தில் காத்திருப்புக்குக் காலக்கணக்கு இருந்தது. ஆனால் பழைய சங்கம் தலையசைக்காவிட்டால் அந்தக் கணக்குக்கு மதிப்பே இல்லாமல் போனது. விதி ஒன்றுதான், வோலோசோஜருக்கு ஒரு மாதிரி, மாசோவுக்கு ஒரு மாதிரி. வித்தியாசம் வீரர்களிடம் இல்லை, சங்கங்களின் மனநிலையில் இருந்தது.

மீதிக் கதை உலகமே பார்த்தது. 2017 நவம்பரில்தான் மாசோவுக்கு ஜெர்மன் குடியுரிமை வந்தது. மொழித்தேர்வில் முதலில் தேறாமல் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 2018 பிப்ரவரியில் பியோங்சாங் ஒலிம்பிக். ஜோடிகள் ஆடும் இரண்டு ஆட்டங்களில் முதலாவதான குறும் நிகழ்ச்சியில், ஒரு குதிப்பில் மாசோ மூன்று சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றோடு இறங்கிவிட்டார், ஜோடி நான்காம் இடத்துக்குப் போனது. மறுநாள் நீள் நிகழ்ச்சியில் 159.31 புள்ளிகள், அன்றைய உலக சாதனை. இரண்டும் சேர்த்து மொத்தம் 235.90. சீனாவின் சூய் வென்ஜிங், ஹான் கோங் ஜோடி எடுத்தது 235.47. அரைப் புள்ளிகூட இல்லாத வித்தியாசத்தில், ஐந்தாவது ஒலிம்பிக்கில், 34 வயதில் சாவ்சென்கோ தங்கம் வாங்கினார். பனியிலேயே சரிந்து விழுந்து அழுத அந்தக் காட்சியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜோடிப் பிரிவு இதுவரை கொடுத்த மிகச் சிறந்த நான்கரை நிமிடங்கள் அவை என்பது என் உறுதியான கருத்து. பேரம் இன்னும் ஒரு வருடம் இழுத்திருந்தால்?

ஒரு வீரரைத் தயார் செய்ய நாங்கள் செலவு செய்கிறோமே என்று சங்கங்கள் கேட்கும். சரி, கேட்கட்டும். பனித்தளத்துக்கும் பயிற்சியாளருக்கும் போட்டிப் பயணத்துக்கும் அவர்கள் பணம் போட்டது உண்மை. ஈடு வேண்டுமானால் அதற்கு ஒரு தொகையை நீங்களே நிர்ணயம் செய்யுங்கள், எல்லாருக்கும் தெரியும்படி அச்சிடுங்கள். இரண்டு சங்கங்களுக்கு நடுவே அந்தக் கணக்கு தீரட்டும். அது தீரும்வரை வீரரை நிறுத்தி வைக்காதீர்கள். அவர்தான் அந்தச் சங்கத்துக்காக இத்தனை வருடம் அடிபட்டவர்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் உலகப் போட்டிகளில் ஜோடியில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தால் போதும். ஒலிம்பிக்கில் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும். இதன் விலையைக் கொடுத்தவர் யூகோ காவாகுச்சி. ஜப்பானில் பிறந்தவர். நாகானோ ஒலிம்பிக்கைப் பார்த்துவிட்டு, ரஷ்யப் பயிற்சியாளர் தமாரா மோஸ்க்வினாவிடம்தான் கற்பேன் என்று அவருக்கே எழுதியவர். ஜப்பானுக்காக ஆடினார், அமெரிக்காவுக்காக ஆடினார், கடைசியில் ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஸ்மிர்னோவுடன் நிலைத்தார். ஜப்பான் இரட்டைக் குடியுரிமை தராது. ஒலிம்பிக்குக்காகப் பிறந்த நாட்டின் குடியுரிமையையே விட்டார். வான்கூவரில் கிடைத்தது நான்காம் இடம். சோச்சிக்கு முன் ஸ்மிர்னோவின் முழங்கால் போய்விட்டது, சொந்த நாடாக ஏற்ற நாட்டில் நடந்த ஒலிம்பிக்கிலேயே ஆட முடியவில்லை. ஒலிம்பிக் விதி உங்கள் கையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஜோடிகளின் நிலைமையை ஒலிம்பிக் கமிட்டியிடம் எடுத்துச் சொல்ல உங்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்து, சிறுவர்கள். இதை எழுத எனக்கு மனம் கனக்கிறது. ரஷ்யாவின் எகடெரினா அலெக்சாண்ட்ரோவ்ஸ்கயா 2016ல், 16 வயதில், ஆஸ்திரேலியாவுக்காக ஹார்லி வின்ட்சருடன் ஆட வந்தார். 2017ல் தைபேயில் உலக ஜூனியர் பட்டம் வென்றார்கள். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆஸ்திரேலியா அதுவரை பார்க்காத வெற்றி அது. குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடிய முதல் ஆஸ்திரேலியப் பழங்குடி வீரர் என்ற பெயர் பியோங்சாங்கில் ஹார்லிக்குக் கிடைத்தது. 2020 தொடக்கத்தில் வலிப்பு நோய் என்று தெரிந்து எகடெரினா விளையாட்டை விட்டார். அந்த ஜூலையில் மாஸ்கோவில் இறந்துபோனார். 20 வயது. ஒரு மரணத்தை ஒரு விதியின் தலையில் கட்டுவது நியாயமில்லை, நான் அதைச் செய்யவும் மாட்டேன். நான் கேட்பது வேறு. பதினாறு வயதுப் பெண் ஜோடிக்காக இன்னொரு கண்டத்துக்குப் போகும்போது நாடு மாறும் தாள்களையெல்லாம் சரிபார்க்கிறீர்கள். அவள் யார் வீட்டில் தங்குவாள், பள்ளிப்படிப்பு என்ன ஆகும், உடம்பு சரியில்லை என்றால் அவள் மொழியில் பேச யார் இருக்கிறார்கள், அம்மாவைப் பார்க்க எப்போது போவாள், இவற்றையும் அதே தாளில் கேளுங்கள்.

2022ல் புக்கெட்டில் கூடிய உங்கள் பேரவை, சீனியர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15லிருந்து படிப்படியாக 17 ஆக்கியது. எதிர்ப்பு இருந்தும் செய்தீர்கள். பிள்ளைகளின் உடம்புக்காகவும் மனதுக்காகவும் விதியை மாற்ற உங்களால் முடியும் என்று அன்று காட்டினீர்கள். அதனால்தான் நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

அடுத்த பேரவையில் வாக்கெடுப்புக்கு வையுங்கள்: காத்திருப்புக் காலம் முடிந்ததும் சான்று உங்கள் அலுவலகத்திலிருந்தே போக வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர் நாடு மாறினால், அழைக்கும் சங்கம் ஒரு பொறுப்பாளரின் பெயரை எழுதிக் கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பிள்ளையின் நிலையை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வாக்கெடுப்பில் எந்தச் சங்கம் எப்படி வாக்களித்தது என்பதையும் வெளியிடுங்கள். வீரர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் அது தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஜோடி ஸ்கேட்டிங் ரசிகை ஒருத்தி